நூறு கடல் மைல்



யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து ஓர் அம்மா கடிதம் எழுதியிருக்கிறார். மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறார், பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும். "பலாலியிலயிருந்து திருச்சிக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் எண்டு சரியாச் சொல்லுங்கோ. ஒருத்தர் இருபது நிமிசம் எண்டுறார், இன்னொருத்தர் அரை நாள் எண்டுறார். ஆர் சொல்லுறதை நம்புறது?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அது எப்படி என்று விளக்கவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்களைப் போலவே கேட்கும் பலர் இக்கரையிலும் அக்கரையிலும் இருப்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். இதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வட அட்சம் 9 பாகை 47 கலை. கிழக்குத் தீர்க்கம் 80 பாகை 4 கலை. திருச்சி விமான நிலையம் வட அட்சம் 10 பாகை 46 கலை. கிழக்குத் தீர்க்கம் 78 பாகை 43 கலை. கப்பலோட்டிகளும் விமானிகளும் கடல் மைலில் கணக்குப் போடுவதற்குக் காரணம் உண்டு. அட்சத்தில் ஒரு கலை நகர்ந்தால் அது ஒரு கடல் மைல். ஆக, பலாலியைவிடத் திருச்சி 59 கடல் மைல் வடக்கே இருக்கிறது. தீர்க்கத்தில் வித்தியாசம் 81 கலை. நிலநடுக்கோட்டை விட்டு வடக்கே வர வர தீர்க்கக் கோடுகள் நெருங்குவதால் இங்கே அது சுமார் 80 கடல் மைல். இனிப் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். 59-இன் வர்க்கத்தையும் 80-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் நூறுக்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். திருச்சிக்கும் பலாலிக்கும் நடுவே உள்ள வான்வழித் தூரம் சுமார் 184 கிலோமீட்டர்.

திருச்சியிலிருந்து சென்னைக்குச் சாலையில் போவதில் பாதிக்குச் சற்றுக் கூட. அவ்வளவுதான்.

வரைபடத்தில் அந்த நேர்கோட்டைப் போட்டுப் பாருங்கள். திருச்சியிலிருந்து தென்கிழக்காகக் கிளம்பும் கோடு பட்டுக்கோட்டைப் பக்கம் போய், அதிராம்பட்டினத்தை ஒட்டிக் கரையைத் தாண்டும். அதற்கப்பால் பாக் நீரிணை. கோட்டின் பாதி நிலம், பாதி கடல். அந்தக் கடலும் ஆழமற்ற கடல்; நாகையிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் எத்தனையோ தலைமுறையாகத் தோணிகள் போய்வந்த கடல். இன்னும் கிழக்கே தள்ளிக் கோடியக்கரையில் நின்றால் பருத்தித்துறை சுமார் 65 கிலோமீட்டர்தான்.

இனி நேரம். சிறிய ஊர்களுக்கு இடையே பறப்பவை பெரும்பாலும் ஏ.டி.ஆர். 72 வகை விமானங்கள். இரண்டு இறக்கையிலும் காற்றாடி சுழலும், எழுபது எண்பது பேர் அமரும் டர்போப்ராப். வானில் சமமட்டத்தில் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம். 184-ஐ 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம். இருபது நிமிடம் என்று உங்களிடம் சொன்னவர் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். 

ஆனால் விமானக் கம்பெனியின் அட்டவணையில் இதே பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அட்டவணை நேரம் என்பது விமானத்தின் சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைப்பது வரை. அதற்குள் எத்தனையோ வேலை. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுதளத்தின் தலைப்புக்கு ஊர்ந்து போக வேண்டும். முன்னே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். அன்றைக்குக் காற்று மேற்கிலிருந்து அடித்தால், கிழக்கே போக வேண்டிய விமானமும் மேற்கே பார்த்து எழும்பி, பிறகு வளைந்து திரும்பும். மேலே ஏறும்போது அந்த 500 கிலோமீட்டர் வேகம் வராது, முந்நூறு சொச்சம்தான். வானத்திலும் வகுத்து வைத்த பாதைகள் உண்டு. அவை நாம் தாளில் போடும் நேர்கோடு அல்ல. கடலுக்கு நடுவே ஓரிடத்தில் சென்னைக் கட்டுப்பாட்டு மையம் விமானத்தைக் கொழும்பின் கையில் ஒப்படைக்கும். ஏறி முடித்துக் கொஞ்ச நேரம் சமமாகப் பறப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்து, ஓடுதளத்துக்கு நேராக வந்து அணைய வேண்டும்.

நெடுந்தூரப் பயணத்தில் இந்தத் தொடக்கமும் முடிவும் பெரிய கணக்கில் கரைந்துபோகும். துபாய்க்கோ லண்டனுக்கோ பறப்பவர் இதை உணர்வதே இல்லை. நூறு கடல் மைலில் தொடக்கமும் முடிவும்தான் பயணம்; நடுப்பகுதி சிறியது. அதனால்தான் இந்தத் தூரத்துக்கு ஜெட் விமானத்தைக் கொண்டுவந்தாலும் சில நிமிடங்களுக்கு மேல் மிச்சமாகாது. எரிபொருள் மட்டும் கூடுதலாகச் செலவாகும். டர்போப்ராப் சிக்கனமானது. சுமார் 1,300 மீட்டர் ஓடுதளம் இருந்தாலே ஏ.டி.ஆர். எழும்பிவிடும். சிறிய விமான நிலையங்களுக்கு வாய்த்த விமானம் அது. காற்றாடியைப் பார்த்து "பழைய பிளேனா?" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பயம் வேண்டாம். பழைய நுட்பம் என்பதற்காக அல்ல, இந்தத் தூரத்துக்கு அதுவே பொருத்தம் என்பதற்காகத்தான் அதை விடுகிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசும். அந்த மாதங்களில் பலாலியிலிருந்து திருச்சிக்கு வருவது எதிர்க்காற்றில்; திரும்பிப் போவது காற்றோடு. போக வர நேரத்தில் சில நிமிட வித்தியாசம் தெரிந்தால் காரணம் அதுதான். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. 2006 ஏப்ரல் முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே.

அரை நாள் என்றவரின் கணக்குக்கு வருவோம். அவர் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குக் கணக்குப் பார்க்கிறார். என்னைக் கேட்டால் அதுவே மெய்யான கணக்கு. தூரம் எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், விசா, இமிகிரேஷன், கஸ்டம்ஸ், பாதுகாப்புச் சோதனை எதிலும் தள்ளுபடி கிடையாது. புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. சுன்னாகத்திலிருந்து பலாலி பக்கம்தான். திருச்சி விமான நிலையமும் ஊருக்கு வெளியே எங்கோ இல்லை. மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். 2024 ஜூனிலிருந்து புது முனையம் நடக்கிறது. பழையதைவிடப் பல மடங்கு விசாலம். எல்லாம் சேர்த்தால், காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் மாலைத் தேநீருக்கு மகள் வீட்டில் இருக்கலாம். அம்மா, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். விமானம் என்ன நேரத்துக்கு என்பதைச் சீட்டு எடுக்கும் அன்றைக்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிறிய தடங்களின் அட்டவணை அடிக்கடி மாறும்.

அரை நாளா என்று சலிப்பு வேண்டாம். சில ஆண்டுகள் முன்வரை இதே பயணம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் ஏறித் தெற்கே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் கொழும்புக்குப் போக வேண்டும். அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம். அங்கே விமானம் ஏறி மறுபடி வடக்கே 400 கிலோமீட்டருக்கு மேல் பறந்து திருச்சியில் இறங்க வேண்டும். 184 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு 800 கிலோமீட்டர் சுற்று. ஒரு முழு இரவும் ஒரு பகலும் போகும். கொழும்பில் அறை எடுத்துத் தங்க வேண்டி வந்தால் அந்தச் செலவு வேறு. திருச்சி மருத்துவமனையில் காட்டுவதற்காக முதியவர்களைக் கூட்டிக்கொண்டு இப்படி அலைந்த குடும்பங்கள் எத்தனையோ.

இத்தனைக்கும் இந்த வான்வழி புதியது அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுதளம் பலாலி. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது, அந்த டக்கோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலியை அடுத்த காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு நாட்டின் விமான சேவை தன் முதல் பறப்பிலேயே வடக்கைத் தொட்டு, தமிழகத்தில் வந்து இறங்கியிருக்கிறது. கடல்வழிக்கு அதைவிட மூப்பு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு வரை போக முடிந்தது. போட் மெயில் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்களே, அந்த ரயில்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. இலங்கையின் உள்நாட்டுப் போர் வந்து அதையும் நிறுத்தியது.

பலாலி படைத்தளம் ஆனது. 1990-இல் அந்த ஓடுதளத்தைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். பலாலி, வயாவிளான், மயிலிட்டி, காங்கேசன்துறை எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டார்கள். இந்த வான்வழியைப் பற்றி எழுதும்போது அவர்களை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

பலாலிக்கும் தமிழகத்துக்கும் இடையே நீண்ட காலம் பயணிகள் விமானமே இல்லை. 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வழக்கமான சேவையைத் தொடங்கியது. நான்கு மாதம்தான் ஓடியிருக்கும். கொரோனா வந்தது, 2020 மார்ச்சில் நின்றது. எல்லா ஊரிலும் விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கிய பிறகும் பலாலி மூடிக் கிடந்தது. 2022 டிசம்பர் 12-ஆம் தேதிதான் மறுபடி விமானம் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச் 30 அன்று திருச்சிக்கும் பலாலிக்கும் நேர் விமானம் வந்தது. கடலிலும் நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது.

தொடங்குவதும் நிற்பதும் மறுபடி தொடங்குவதுமாக இருக்கும் இந்த வரலாற்றில் எனக்குத் தெரிவது ஒன்றுதான். கடலும் காற்றும் தூரமும் இந்த வழியை நிறுத்தியதைவிட, மனிதர்களின் முடிவுகள் நிறுத்தியதே அதிகம். அப்படியானால் அதைத் தொடர்ந்து நடத்துவதும் மனிதர்களின் முடிவில்தான் இருக்கிறது.

விமானம் வந்த மகிழ்ச்சியில் இரண்டு தரப்பினரை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். பலாலி ஓடுதளத்தைச் சுற்றியுள்ள நிலத்துக்கு உறுதிப் பத்திரம் வைத்திருக்கும் குடும்பங்கள் ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக நிலம் திரும்பி வந்திருக்கிறது. வராத நிலம் இன்னும் இருக்கிறது. விமான நிலையத்தைப் பெரிதாக்கும்போது, முதலில் அவர்களோடு பேச வேண்டும். மறுமுனையில், திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் படகில் வந்தவர்களும், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும். பலாலி விமானம் எழும்பும் சத்தம் அவர்களுக்குக் கேட்கும். அதில் ஏறத் தேவையான ஆவணம் அவர்களில் பலரிடம் இல்லை. சொந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வர விரும்புகிறவருக்கு, போய்த் திரும்பி வருவதற்கான வழியை இரண்டு அரசுகளும் பேசி எளிதாக்க வேண்டும். விமானம் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

சிறிய தடங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதற்கு உலகில் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். இரண்டுக்கும் இடையே விமானம் பறக்கும் தூரம் 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது. உலகிலேயே மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம் அது. எட்டுப் பேர் அமரும் குட்டி விமானம். பாப்பா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட இல்லை. ஆசிரியரும் மருத்துவரும் தீவு தீவாகப் போய்வர அந்த விமானம் 1967-லிருந்து பறந்துகொண்டிருக்கிறது. சீட்டு விற்ற பணத்தில் அது ஓடவில்லை. அது மக்களுக்கான சேவை என்று உள்ளூர் நிர்வாகம் ஏற்றுக்கொண்டு பணம் கொடுக்கிறது. நூறு பேருக்கும் குறைவான தீவுக்கு இதைச் செய்ய முடியும் என்றால், இரண்டு கரையிலும் இத்தனை லட்சம் பேர் இருக்கும் நமக்கு ஏன் முடியாது?

குறுகிய தடத்தில் சீட்டு விலையில் பெரும்பங்கு பறப்பதற்கான செலவு அல்ல. இறங்கும் கட்டணம், பயணிகள் வரி, விமான நிலையக் கட்டணம் எல்லாம் நெடுந்தூரப் பயணிக்கு உள்ளதுபோலவே இவர் தலையிலும் விழும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது சுமை. இந்தியாவில் உடான் திட்டத்தில் சிறிய விமான நிலையங்களுக்கு அரசு கைகொடுத்திருக்கிறது. நம் சேலத்துக்கு விமானம் வந்தது அப்படித்தான். அதுவும் நடுவில் நின்றுபோய் 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. திருச்சி–பலாலித் தடத்துக்கு இரண்டு அரசுகளும் வரியையும் கட்டணத்தையும் தனியாகக் குறைத்தாலே போதும், பஸ்ஸிலும் கப்பலிலும் போகும் குடும்பங்கள் விமானம் ஏறும். விமானக் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பருவத்தில் இருக்கை காலியாக இருந்தால் முதலில் வெட்டப்படுவது இப்படிப்பட்ட தடங்கள்தான். ஒரு வழியை மக்கள் நம்பிப் பழகச் சில ஆண்டுகள் ஆகும். நல்லூர்த் திருவிழாவுக்கும் சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும், கல்யாணக் கூறை எடுக்கவும், பிள்ளைப்பேறு பார்க்கவும், படிக்கவும், வைத்தியத்துக்கும் போகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நாளை விமானம் இருக்குமா என்ற சந்தேகம் இருக்கும்வரை அவர்கள் கொழும்பு வழியைத்தான் பிடிப்பார்கள்.

வாசகர்களே, நம் கையில் இருப்பது அந்த விமானத்தில் ஏறுவதுதான். தமிழகத்தில் இருப்பவர்கள் அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கும்போது யாழ்ப்பாணத்தையும் நினைத்துப் பாருங்கள். நல்லூரும் நயினாதீவும் யாழ் நூலகமும் மாலை வரைக்குமான தூரத்தில் இருக்கின்றன. போய்வந்த பிறகு வீட்டிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தாமதம், எங்கே உதவி கிடைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்து வரும் இதழ்களில் தொகுத்து வெளியிடுவோம். முதல்முறை போகிறவர்களுக்கு அது உதவும்.

மூத்த வாசகர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். போருக்கு முந்திய காலத்தில் பலாலியிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ பறந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். பழைய பயணச்சீட்டு, ஒரு புகைப்படம், அப்பா சொன்ன கதை, எது இருந்தாலும் நகல் எடுத்து அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் வந்து சேருபவற்றை வைத்து ஒரு சிறப்புப் பகுதி கொண்டுவர நினைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்